தகவலாளர் ஏழு

காலை ஏழே கால் மணிக்கு, இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. ‘சோசியாலஜி பாய் சார் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்’ என்று எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், எரிகிற விளக்குகள், ஒரே அச்சில் வார்த்த ‘ஆழ்ந்த இரங்கல்’கள். இருபத்திரண்டு வருடம் ஒரே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மனிதர். அவர் செத்த அன்றும் ‘பாய் சார்’தானா? ‘அவருக்குப் பெயர் இருக்கிறது. நெய்னா முகமது’ என்று எழுதினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. ஒரு மாதமாகியும் இரண்டும் இறங்கவில்லை. நினைவஞ்சலியில் கோபம் ஆகாது, நாலு நல்ல வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையைக் கேட்ட நண்பர் சொன்னார். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது நல்ல வார்த்தையில் அடங்காது.

நான் வள்ளிக்கண்ணு. பொன்னமராவதிக்காரி. நெய்னா சாரோடு ஒரே துறையில் பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவள். அந்தப் பதினெட்டு வருடமும் நாங்கள் சண்டைதான் போட்டோம். சண்டைக்குக் காரணம் எப்போதும் ஒன்றே: உலகமயமாதல். எங்கள் அப்பாவுக்கு வானம் பார்த்த பூமி இரண்டு ஏக்கர். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்ததால்தான் நான் ஆராய்ச்சிப் பட்டம் வரை படித்தேன். ஆகவே உலகம் திறந்தது எனக்கு நல்லதாகவே பட்டது. “எங்க அப்பா நெலத்த மட்டும் நம்பியிருந்தா இந்த ஸ்டாஃப் ரூம்ல எனக்கு நாற்காலி கிடைச்சிருக்காது சார்” என்பேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, “தொறந்தது நல்லதுதான் மேடம், யாரு இல்லேங்கிறா? யாருக்குத் தொறக்குது, யாரு மூஞ்சில சாத்துதுன்னுதான் கேக்குறேன்” என்பார். மணி அடிக்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

அவர் எதிர்ப்பாளரும் இல்லை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் ‘உலகமயத்தை எதிர்த்து நின்ற போராளி’ என்று முழங்கினார். அட, போங்கய்யா! ஒரு நாளாவது அவர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல வாய் வருமா? “எங்க பாட்டனாரு காலத்துலயே எங்க ஊரு ஆளுக கொழும்புக்கும் பினாங்குக்கும் போயிட்டு வந்தாக. அப்ப யாரும் அதுக்குப் பேரு வைக்கல” என்று சிரித்தவர் அவர். கோட்டைப்பட்டினத்தில் பிறந்தவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கமும் ஊர் இருக்கிறது என்பது புதுச் செய்தியா என்று கேட்பார். உலகமயம் தொடங்கியதாகப் பாடப்புத்தகம் போட்டிருந்த தேதியைத்தான் அவர் நம்பவில்லை.

இந்தப் பாடத்தை நடத்துவது லேசான காரியமில்லை. உலகம் முழுக்க ஒரே சந்தையாகிவிட்டது, எல்லைக்கோடெல்லாம் இனிச் செல்லாது என்பது ஒரு தரப்பு. அதெல்லாம் வீண் பேச்சு, அரசாங்கங்கள் இன்னும் கோட்டைக் கையில் பிடித்தபடிதான் நிற்கின்றன என்பது இரண்டாம் தரப்பு. எல்லைகள் ஒழிவதும் இல்லை, அப்படியே இருப்பதும் இல்லை, தொலைதூரத்து முடிவுகள் உள்ளூர் வாழ்க்கைக்குள் புகுந்து அதன் உருவத்தை மாற்றுகின்றன என்பது மூன்றாம் தரப்பு. நான் இதைக் குறிப்பாக எழுதிப்போடுவேன்; பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கிவிட்டுப் போவார்கள். நெய்னா சார் பலகையில் ஓர் இறாலை வரைவார். வால் மட்டும் நன்றாக வரும், தலை எப்போதும் கோணல்.

“இங்க பாருங்கப்பா. இந்த எறாலு மொதல் கட்சி. ஐஸ் பெட்டில ஏறுனா எந்த நாட்டுத் தட்டுலயும் போய் உக்காந்துரும், எவனும் மறிக்க மாட்டான். அதப் புடிக்கப் போனான் பாருங்க, ஜெகதாப்பட்டினத்துக்காரன், அவன் ரெண்டாங் கட்சி. கடல்ல கண்ணுக்குத் தெரியாத கோட்டத் தாண்டிட்டான்னு புடிச்சு உள்ள வச்சிருவாக. அவனப் போயிக் கேளுங்க, எல்லையெல்லாம் அழிஞ்சிருச்சான்னு. கொட்டகையில எறா உரிக்கிற பொம்பள மூணாங் கட்சி. அவ ஊரத் தாண்டுனதே இல்ல. ஆனா வளையல் போடக்கூடாது, நகம் வளக்கக்கூடாதுன்னு அவ கைக்கு எங்கயோ இருந்து சட்டம் வருது.” பிறகு சாக்பீஸைக் கீழே வைப்பார். “ஒரே எறாலுதான். எந்தக் கட்சி சரின்னு இப்ப சொல்லுங்க.” வகுப்பு மூன்றாகப் பிரிந்து கத்தும். பக்கத்து வகுப்பில் நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். எரிச்சலாக இருக்கும். இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற எரிச்சல்.

அந்தக் கொட்டகைப் பெண்களைப் பற்றித்தான் அவர் பதினோரு வருடம் ஆய்வு செய்தார். சனிக்கிழமை காலைகளில் போவார். அவர்கள் முன்னால் குறிப்பெடுக்க மாட்டார். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுவார். அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டை எடுத்துப்போய், கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்து, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். ‘நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்’ என்று ஒரு வரி வந்தது. ஐஸ் தண்ணீரில் வெளுத்த விரல்களை உதறியபடி ஜெய்தூன் என்கிற பெண் குறுக்கே வந்தார். “நான் எங்க சாரு கஷ்டப்படுறோம்னு சொன்னேன்? கை வலிக்குதுன்னுதான் சொன்னேன். கஷ்டம் வேற, கை வலி வேற.” சார் அந்த இடத்திலேயே அடித்து எழுதி, ஓரத்தில் ஜெய்தூன் பெயரையும் தேதியையும் போட்டார். “முதுகுக்குப் பின்னாடி ஒருத்தரப் பத்திச் சொன்னா எங்க மார்க்கத்துல அது புறம் பேசுறது. முன்னாடி படிச்சுக் காட்டிட்டா பேச்சு. அவ்வளவுதான் மேடம் ரிசர்ச் மெத்தடாலஜி” என்றார் திரும்பி வருகிற பேருந்தில்.

ஆனால் அவர் முடிக்கவில்லை. இதில் அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் யாராவது ஒரு திருத்தம் சொல்வார்கள். திருத்தினால் மறுபடி படிக்க வேண்டும். “எப்பத்தான் சார் முடிப்பீங்க? பல்கலைக்கழகம் குடுத்த வருஷமெல்லாம் ஓடிருச்சு” என்று நான் கத்துவேன். “ஜெய்தூன் இன்னும் கடைசி அத்தியாயத்தக் கேக்கல மேடம்” என்பார். பட்டம் வரவில்லை. முப்பத்தாறு நோட்டுகள் மட்டும் சேர்ந்தன.

அப்போதுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆய்வாளர் வந்தார். வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மவர்தான், தமிழும் சுத்தமாகப் பேசினார். நெய்னா சார் வீட்டில் தேங்காய்ச் சோறும் மீன் ஆணமும் சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினார். நோட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். “தாராளமா எடுங்க” என்று முதலில் சொன்னது நான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதே கதை! சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டு நாள் துறை அறையில் அத்தனை பக்கங்களும் படமாயின. பக்கம் மடங்காமல் இருக்க ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். சில படங்களில் என் விரல் விழுந்திருக்கும்.

போகும்போது அவர் ஒப்புதல் படிவங்கள் கொடுத்தார். நோட்டில் பேச்சு வந்த ஆளுக்கு ஒரு தாள், சாரையும் சேர்த்து மொத்தம் நாற்பத்திரண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரேஷன் கார்டோ, பாஸ்போர்ட்டோ, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமோ, படிவம் என்று வந்தால் முதலில் கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் படித்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ‘மத்தத நீங்க போட்டுக்கங்க’ என்பார்கள். கொட்டகைப் பெண்களும் அப்படியே கொடுத்தார்கள். நெய்னா சாரும், “நீங்கதானே நிரப்பப் போறீங்க” என்று சிரித்தபடி வெறும் தாளில் கையெழுத்துப் போட்டார். நான் துறை அறையில் உட்கார்ந்து நிரப்பினேன். ‘தங்கள் பெயரை வெளியிடச் சம்மதமா?’ என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

நாற்பத்திரண்டிலும் ‘இல்லை’ என்று டிக் போட்டேன்.

யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தகவல் தந்தவர் பெயரை மறைப்பதே ஆய்வு அறம் என்று படித்தவள், வருடக்கணக்காக அதையே கற்பித்தவள். டக் டக்கென்று போட்டுக்கொண்டே போனேன். சாரின் தாளும் அந்தக் கட்டில்தான் இருந்தது.

நாலு வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில், கெட்டி அட்டையோடு. எங்கள் முதுகலைப் பாடத்திட்டத்திலும் அது சேர்ந்துகொண்டது. துறை நூலகம் என் பொறுப்பு. முத்திரை குத்தப் பிரித்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். இறால், பிடிக்கப் போனவன், உரிக்கிறவள். மூன்று கட்சியும் அப்படியே இருந்தன. ‘உள்ளூர்வாசி ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்’ என்று போட்டு அடிக்குறிப்பில் ‘தகவலாளர் ஏழு’. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார், இது ஒங்க மூணு கட்சி. ஒரு வரி விடாம இருக்கு.”

“பாத்தேன் மேடம். போன மாசமே எனக்கு ஒண்ணு அனுப்புனாரு.”

“பாத்துட்டா இப்படிச் சோறு தின்னுக்கிட்டு இருக்கீங்க? நான் இன்னைக்கே அந்த யுனிவர்சிட்டிக்கு எழுதுறேன்.”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். படிவத்தின் நகல். கீழே அவர் கையெழுத்து. நடுவே நீண்ட வால் வைத்த ஒரு டிக். என் டிக் எனக்குத் தெரியாதா? மேல் வரியைத் தொடுகிற அந்த வாலை விடைத்தாள்களில் பார்த்து மாணவர்கள் கேலி செய்வார்கள்.

“எழுதினா இதத்தான் எடுத்து நீட்டுவாக. நான் ஒரு தடவ கேட்டுப் பாத்துட்டேன். அவரு மரியாதையாத்தான் பதில் போட்டாரு. பேரு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க, அதத்தானே காப்பாத்துனேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னு சொன்னேன்.”

அவர் டப்பாவைத் துடைத்து மூடினார். “வேற என்னத்தச் சொல்றது? எங்க மேடம் கேக்காம நிரப்பிட்டாங்கன்னா? அந்தப் பொம்பளைக ஒங்கள நம்பித்தானே கைநாட்டு வச்சாக. நாளைக்கு நீங்க அங்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவீங்க? விடுங்க மேடம். படிச்சபடி செஞ்சீங்க.”

விட்டுவிட்டேன். அதுதான் என்னைக் கொல்கிறது. அவருடைய பெருந்தன்மை எனக்கு வசதியாக இருந்தது, அதற்குள் ஒளிந்துகொண்டேன். அடுத்த இரண்டு வருடம் அந்தப் புத்தகத்தை வகுப்பில் நடத்தியவர் அவரே. தன் சொந்தப் பேச்சை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் விளக்கி, “இது பரீட்சையில வரும், குறிச்சுக்கங்க” என்றார். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, வேறு பெயர் ஒட்டி அனுப்பியது திரும்ப எங்களுக்கே பாடமாக வந்து சேர்ந்தது. உலகமயமாதலில் எந்தத் தரப்பு சரி என்று எங்கள் சண்டையில் கடைசிவரை முடிவாகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் தோற்றேன், அவர் அதைச் சொல்லிக்காட்டவே இல்லை. ஒரு தடவை திட்டியிருக்கலாமே சார்!

அடக்கத்தன்று கோட்டைப்பட்டினம் போனேன். சாரின் மையத்தை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தோம். ஜெய்தூன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், புஸ்தகம் வந்துருச்சுன்னு சாரு அன்னைக்குச் சொன்னாக. அதுல எங்க பேரு இருக்கான்னு கேட்டேன். மேடம் ஒரு நாளைக்கு வந்து படிச்சுக் காட்டுவாகன்னு சொன்னாக. இருக்கா?”

“இல்லக்கா.”

“ஏன், நாங்க என்ன களவாண்டமா, பேர மறைக்கிறதுக்கு? யாரு மறைக்கச் சொன்னா?”

அறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சாரின் மனைவி தலை நிமிரவில்லை. டிக் போட்டது யார் என்பது அவருக்குத் தெரியும் என்று அப்போது புரிந்தது. “நான்தான்” என்று சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கல்லூரியில் இரங்கல் கூட்டம். அந்த வெளிநாட்டு ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருப்பதாகத் தலைமை தாங்கியவர் பெருமை பொங்க அறிவித்து, வாசித்துத் தமிழிலும் சொன்னார். ‘என் ஆய்வுக்கு வாய்த்த மிகச் சிறந்த தகவலாளரை இழந்துவிட்டேன்.’ அரங்கம் கைதட்டியது. வெளிநாட்டிலிருந்தே எழுதியிருக்கிறாரே! என் கையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது. மூன்றாவதில்தான் சுரணை வந்தது. தகவலாளராம்! பதினோரு வருடம் யோசித்து, திருத்தி, முறை ஒன்றை உண்டாக்கிய சமூகவியலாளரைத் தகவல் சொன்ன ஆள் என்று சொல்கிறார்கள், நாம் கைதட்டுகிறோம். அந்த ஆய்வாளரைத் திட்ட எனக்கு வாய் ஊறுகிறது. நோட்டிலிருந்த யோசனையை ‘வேடிக்கை’ என்று எழுதியதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பெயரை அழித்த பேனா என்னுடையது.

அந்தச் சனிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். சாரின் மனைவி நோட்டுகளை இரவலாகக் கொடுத்திருந்தார். கவிழ்த்த மீன் பெட்டியில் உட்கார்ந்து, முதலில் டிக் போட்டது யார் என்று சொன்னேன். இறால் ஓடு தட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஜெய்தூன், “ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல டீச்சர்?” என்றார். கேட்டிருக்கலாம்தான். பிறகு புத்தகத்தில் எண்ணாக வருகிற பதினோரு பெண்களின் பேச்சையும் தமிழில் படித்துக் காட்டினேன். யார் சொன்னது என்று நோட்டின் ஓரத்தில் சார் எழுதிய பெயர்கள் காட்டிக்கொடுத்தன. ஒவ்வொருவரிடமும் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். “எம் மருமகன் பாத்தா ஏசுவான், எனக்கு நம்பரே இருக்கட்டும்” என்றார் ஒருவர். மற்ற ஒன்பது பேரும் போடச் சொன்னார்கள்.

“அந்த ஏழு யாரு?” என்று கேட்டார் ஜெய்தூன்.

“நெய்னா சார்.”

“ஆத்தாடி! அவரு எப்ப எறா உரிச்சாரு?” என்று சிரிக்கத் தொடங்கியவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மற்ற நோட்டுகள் சாரின் வீட்டுக்கே திரும்பிவிட்டன. சாரிடமிருந்து இப்போது என்னிடம் இருப்பவை இரண்டு. ‘கஷ்டம்’ அடிக்கப்பட்டு ‘கை வலி’ என்று திருத்தப்பட்ட அந்த நோட்டு. அவர் என்னை ஒருமுறையும் குத்திக்காட்டாமல் பையில் சுமந்த அந்த நகல். இரண்டையும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை துறை நூலகத்தில் அந்தப் புத்தகத்தைப் பிரித்து, அடிக்குறிப்புகளில் எண்களுக்குப் பக்கத்தில் ஒன்பது பெயர்களை மையால் எழுதினேன். ஏழுக்குப் பக்கத்தில்: மு. நெய்னா முகமது, சமூகவியலாளர், கோட்டைப்பட்டினம். நூலகப் புத்தகத்தில் எழுதினால் நடவடிக்கை என்று அறிவிப்பு ஒட்டியவள் நானே. ஆகவே கடைசி வெற்றுப் பக்கத்தில், இந்தப் பெயர்கள் யாரால் காணாமல் போயின, யாரைக் கேட்டுத் திரும்ப எழுதப்பட்டன என்பதையும் எழுதினேன். முழுவதும் எழுதி, ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்த பிறகு, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.